கஞ்சிக்கோட்டில் மூன்று வேளைச் சாப்பாடு: தட்டுக்கடையா, சாயக்கடையா, வீட்டு ஊணா, தமிழ் மெஸ்ஸா?

ஜூன் மாதம் என் தங்கை மகன் கேரளத்தில், பாலக்காட்டுக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். உடுமலைப் பக்கத்துப் பையன், வயது 22. சேர்ந்த அன்று ராத்திரி போன் செய்தான். சம்பளத்தைப் பற்றியோ ஷிப்டைப் பற்றியோ ஏதாவது கேட்பான் என்று நினைத்தேன். "சோத்துக்கு என்ன பண்றதுங்க மாமா?" என்றான். ரூமில் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடவில்லை. கம்பெனி கேன்டீனில் ஒரு வேளை மட்டும் உண்டு, அதுவும் இரண்டாம் ஷிப்டில் இருந்தால்தான்.

நான் வாளையாறு எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து 14 வருஷம் ஆகிறது. குடும்பத்தைக் கூட்டி வருவதற்கு முன்னால் முதல் 6 வருஷம் மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிட்டேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இந்த ரோட்டில் அவனைப் போல நிறையப் பேர் வந்து இறங்குகிறார்கள். 2015ல் ஐஐடி வந்த பிறகு படிக்க வருகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. ஒரு நாள் வந்து மீன் வறுவலும் பொறோட்டாவும் சாப்பிட்டுப் போகிறவர் ருசியை மட்டும் பார்த்தால் போதும். வருஷத்தில் 300 நாள் சாப்பிடப் போகிறவன் பார்க்க வேண்டியது வேறு. ருசி பத்து நாளில் பழகிவிடும். விலையும் கடைக்குக் கடை பெரிதாக மாறாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தக் கடையின் பானை எத்தனை மணிக்குக் காலியாகிறது? காலையில் வைத்த சோறு மதியம் இரண்டரைக்குள் தீர்ந்துவிடுகிற கடையும், சாயங்காலம் வரை அதே அண்டாவிலிருந்து அள்ளிப் போடுகிற கடையும் ஒன்றல்ல, இரண்டிலும் ஒரே அரிசி, ஒரே சாம்பார் என்றாலும்.

இது என் சொந்த அனுபவத்தில் வந்த பாடம். வந்த புதிதில் ஒரு மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்திருந்தேன். மதியம் வடித்த சோறு மீந்தால் ராத்திரி எலுமிச்சை சாதமாகவோ புளிசாதமாகவோ வரும். தாளிப்பு மணத்தில் எதுவும் தெரியாது. ஒரு சித்திரை மாதம் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். சோற்றில் ஒரு வகைக் கிருமியின் வித்து இருக்கும், அது கொதியிலும் சாகாது என்று கம்பெனி டாக்டர் அப்போது விளக்கினார். வடித்த சோற்றை வெயில் காலத்தில் மணிக்கணக்காக வெளியே வைத்தால் அந்த வித்து முளைத்து நஞ்சைக் கக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பாலக்காட்டு வெயில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும். நம் வீட்டில் பழைய சோற்றுக்கு உடனே தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவோம், அது புளித்துத் தனி உணவாகிவிடும். அண்டாவில் மூடி வைத்த வெறும் சோறு அப்படி ஆகாது.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

காலையில் சாயக்கடை

சாயக்கடை என்றால் டீக்கடை. இதில் எனக்குக் குழப்பமே இல்லை. காலைச் சாப்பாட்டுக்குச் சாயக்கடையை மிஞ்ச எதுவும் கிடையாது. காரணம் புட்டு. குழலில் மாவையும் தேங்காய்த் துருவலையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஆவி மேலே வந்ததும் கம்பியால் தள்ளி நேராக உன் தட்டில் விழ வைப்பார்கள். அதை முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்க முடியாது, ஆறினால் கல்லாகிவிடும். அதனால் கடைக்காரருக்கு ஏமாற்ற வழியே இல்லை. கூட வரும் கடலைக் கறி விடியற்காலை கொதித்தது. ஏழு மணிக்குச் சட்டி நிறைய இருக்கும், ஒன்பதரைக்கு அடியைச் சுரண்டுவார்கள். கடலை பிடிக்காவிட்டால் பயறும் பப்படமும் கேட்கலாம், புட்டோடு பிசைந்து சாப்பிட. பூவன் பழமும் சர்க்கரையும் வைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

இட்லி தோசையை இங்கே நான் இரண்டாமிடத்தில்தான் வைப்பேன். மாவில் குறை இல்லை, சட்னிதான் சந்தேகம். அரைத்த தேங்காய் இந்த ஊர் வெயிலில் சில மணி நேரம்தான் தாங்கும். எட்டு மணிக்கு முன்னால் போனால் தாராளமாகச் சட்னி வாங்கிக்கொள்ளலாம். பத்து மணிக்குப் போனால் சாம்பார் மட்டும் போதும்.

புட்டு, கடலை, ஒரு சாயா மூன்றும் சேர்ந்து எங்கள் ரோட்டில் இப்போது 52 ரூபாய். பால் வேண்டாம் என்றால் கட்டன் சாயா. மூன்றாம் ஷிப்ட் முடித்து ஆறேகாலுக்கு வருகிறவர்களுக்கு இதை விட நல்ல இடம் கிடையாது. அந்த நேரத்தில் வேறு எந்த அடுப்பும் எரியாது.

மதியம்: வீட்டு ஊண்

கேரளத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஊண் என்று பெயர். 'வீட்டில் ஊண்' என்று ரோட்டோரம் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாதி வெறும் போர்டுதான், உள்ளே போனால் சாதாரண ஓட்டல் இருக்கும். நான் சொல்வது நிஜமாகவே வீட்டின் முன்கட்டில், திண்ணையை ஒட்டி இரண்டு மூன்று பெஞ்சு போட்டு நடத்துகிறவர்களை.

நான் நான்கு வருஷம் சாப்பிட்ட வீடு புதுச்சேரிப் பக்கம் ஒரு சந்தில். புதுச்சேரி என்றால் பாண்டிச்சேரி அல்ல, கஞ்சிக்கோடு சேர்ந்திருக்கும் பஞ்சாயத்தின் பெயரே அதுதான். மேலே மலையாளத்தில் ஊண், கீழே தமிழில் சாப்பாடு ரெடி என்று சுண்ணாம்பில் எழுதியிருப்பார்கள். நடத்துகிற அக்கா கொழிஞ்சாம்பாறைக்காரர். சித்தூர் தாலூக்காவில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, அக்காவும் வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மலையாளம். காலை ஒன்பதரைக்குள் யார் யார் வருகிறார்கள் என்று போனில் கணக்கு எடுப்பார். அப்புறம்தான் நாழியை எடுத்து அரிசியை அளப்பார். வருகிறவர்களுக்கு இத்தனை நாழி, வீட்டுக்கு இத்தனை, சொல்லாமல் வருகிறவர்களுக்காக ஒன்று. அந்தக் கடைசி நாழியைப் போடும்போது மட்டும் ஒரு நொடி யோசிப்பார். மாமியார் படிக்கட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார், முறம் நிறையத் தோல் பறக்கும்.

பன்னிரண்டரைக்குச் சோறு இறங்கும், இரண்டு பத்துக்குப் பானையின் அடி தெரியும். இரண்டரைக்கு மாமியாரும் அக்காவும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே சாம்பாரை ஊற்றிச் சாப்பிடுவார்கள். இதை ஒரு நாள் தற்செயலாகப் பார்த்த பிறகு நான் வேறு இடம் தேடவில்லை. அவர் தன் மாமியாருக்குப் போடாத எதையும் எனக்குப் போட வழியில்லை.

இலையில் என்ன வரும்? சாம்பார், மோர்க் கூட்டான் என்கிற மோர்க்குழம்பு, ஒரு உப்பேரி. நாம் பொரியல் என்பதை இங்கே உப்பேரி என்பார்கள், பயறு, வாழைக்காய், முட்டைக்கோஸ், அன்றைக்குச் சந்தையில் எது மலிவோ அது. ஊறுகாய், பப்படம். சில நாள் கொண்டாட்டம் வறுத்துப் போடுவார்கள். கொண்டாட்டம் என்றதும் தங்கை மகன் என்ன பண்டிகை என்று கேட்டான். பாலக்காட்டில் வற்றலுக்கு அதுதான் பெயர். பாகற்காய்க் கொண்டாட்டம், மோர்மிளகாய்க் கொண்டாட்டம், எல்லாம் மாசி பங்குனி வெயிலில் காய வைத்தவை. சேனையும் பூசணியும் போட்டு மிளகு சேர்த்த முளகூஷ்யம் வெள்ளிக்கிழமைகளில் வரும். மழைக்கால இரவில் காய்ச்சல் வந்து கிடந்தபோது ஒருமுறை அதை மட்டும் கஞ்சியோடு கொடுத்துவிட்டார்கள்.

அரிசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இங்கே மட்டை அரிசிதான், பாலக்காடன் மட்டை என்று புவிசார் குறியீடு பெற்றது. செக்கச்சிவந்த வரி ஓடிய குண்டு அரிசி, புழுங்கல். வேக நேரம் எடுக்கும், மெல்லவும் நேரம் எடுக்கும். பொன்னி அரிசியில் வளர்ந்த வயிறு முதல் வாரம் திணறும். பொன்னி சாப்பிடும் அளவில் பாதி போட்டுக்கொண்டால் போதும், பசி ராத்திரி வரை தாங்கும். "கொறச்சு மதி" என்றால் கொஞ்சம் போதும் என்று அர்த்தம், அந்த இரண்டு வார்த்தை தெரிந்திருந்தால் இலை நிரம்பாது. தமிழ் ஆட்கள் அதிகம் வருகிற வீடுகளில் வெள்ளைச் சோறும் தனியாக வடிப்பார்கள். கேட்டால் கிடைக்கும்.

விலை 60 ரூபாய். மீன் பொரித்தது வேண்டுமென்றால் தனிக் காசு. இதைச் சாதாரண ஓட்டலோடு ஒப்பிட்டால் பத்து இருபது ரூபாய்தான் மிச்சம். ஆனால் ஓட்டலில் இந்த நாழிக் கணக்கு கிடையாது.

குறைகள் உண்டு, மறைக்க மாட்டேன். இரண்டு மணிக்கு மேல் போனால் சோறு இருக்காது. காலையில் சொல்லாமல் போனால் சில நாள் திரும்ப வேண்டியிருக்கும். அந்த வீட்டில் கல்யாணம், காது குத்து, காய்ச்சல் என்று எது வந்தாலும் உனக்கும் பட்டினி. முதல் ஷிப்டில் இருக்கிறவன் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து சேரும்போது இரண்டே கால் ஆகிவிடும். அதற்கு அக்காவிடம் ஒரு வழி இருந்தது, முன்பே சொன்னால் தட்டில் போட்டு மூடி வைத்துவிடுவார். எல்லா வீட்டிலும் அப்படிச் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். சேரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

பொதிச்சோறு கட்டித் தருகிற வீடுகளும் உண்டு. வாட்டிய வாழையிலையில் சோறு, உப்பேரி, முட்டை பொரித்தது, சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். பிரிக்கும்போது வரும் இலை வாசத்துக்கு நான் அடிமை. ஆனால் மதியம் ஒன்றரைக்கு வாங்கி, இரண்டாம் ஷிப்டில் ஏழு மணி இடைவேளைக்குப் பிரிக்கிறார்கள் பாருங்கள், அது வேண்டாம். 2023 ஜனவரியில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை பார்சல் மீது தயாரித்த நேரமும் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. சமைத்த சாப்பாட்டை வெளியே வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. வீட்டுப் பொதிச்சோற்றில் ஸ்டிக்கர் இருக்காது, கணக்கு அதேதான்.

குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020ல் 20 ரூபாய் ஊணோடு கேரளம் முழுக்கத் தொடங்கியவை இவை. 2023ல் அரசு மானியம் நின்ற பிறகு விலை ஏறியது, சில கடைகள் மூடியும் போயின. மிச்சம் இருப்பவை இன்றும் மலிவுதான், சுத்தத்துக்கும் குறைவில்லை. கறி வகை குறைவாக இருக்கும், ஒன்றரைக்குள் தீர்ந்தும் போகும். உன் ரூமுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போ என்று பையனிடம் சொன்னேன்.

தமிழ் மெஸ்

வீட்டு நினைப்பில் முதலில் எல்லோரும் ஓடுவது இங்கேதான். ரசம், பொன்னி அரிசி, வத்தக்குழம்பு, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கணவன் மனைவிதான் பெரும்பாலும் நடத்துவார்கள். பேச்சில் ஊர் வாசம் வரும். தேங்காய் எண்ணெய் பிடிக்காதவர்களுக்குக் கடலை எண்ணெய் தாளிப்பு ஒரு பெரிய ஆறுதல். மாதத்துக்கு 4,500 ரூபாய் கட்டினால் மூன்று வேளையும் கவலை இல்லை. மாதக் கடைசியில் காசு இல்லாவிட்டாலும் சோறு நிற்காது, நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு அந்த நோட்டு எவ்வளவு பெரிய தைரியம் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் நான் இதை முதலில் வைக்காததற்குக் காரணம் மறுபடியும் அந்தப் பானை. மூன்று ஷிப்டுக்கும் சோறு போடுகிற இடத்தில் பானை காலியாவதே இல்லை. பதினோரு மணிக்கு வடித்தது நாலு மணிக்கும் இருக்கும். நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டே பேர் எண்பது பேருக்கு மூன்று வேளை சமைத்தால் எங்கேயாவது சுருக்க வேண்டிவரும், முதலில் சுருங்குவது இரண்டாவது உலைதான்.

எல்லா மெஸ்ஸும் அப்படி இல்லை. "ராத்திரிக்குத் தனியா வடிக்கிறீங்களாங்க?" என்று சேரும் முன் நேராகக் கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொன்னால் ஆறரை மணிக்கு ஒரு தடவை அந்தப் பக்கம் நடந்து பார்க்கலாம், கஞ்சி வடிகிற வாசம் வாசல் வரை வரும். அப்படி இரண்டாவது உலை வைக்கிற மெஸ் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம், நான் சொன்ன மற்றதெல்லாம் வேண்டியதே இல்லை.

முதல் மாதமே முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்ட வேண்டாம். பத்து நாளுக்குக் கட்டி, வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகு மாதக் கணக்குக்குப் போகலாம். பத்து நாள் கணக்குக்கு ஒத்துக்கொள்ளாத மெஸ்ஸை விட்டுவிடுவது மேல்.

ராத்திரி: தட்டுக்கடை

எல்லாரும் பயப்படுவது தட்டுக்கடைக்குத்தான். ரோட்டோரம், தார்ப்பாய், மண்ணெண்ணெய் விளக்கு இருந்த காலம் போய் இப்போது எல்இடி பல்ப், ஆறு மணிக்கு மேல் முளைத்து நள்ளிரவில் மறைகிற கடை. என் தங்கை போனில், "தட்டுக்கடைப் பக்கம் மட்டும் அவனை விட்டுறாதீங்கண்ணா" என்றாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் பாதிதான் சரி.

தட்டுக்கடையில் பெரும்பாலான சாப்பாடு உன் கண் முன்னால், நீ கேட்ட பிறகு, கல்லில் வேகிறது. தோசை, ஓம்லெட், பொறோட்டா எல்லாம் சுடச்சுடத்தான் வரும். சமையலறைக் கதவு என்று ஒன்று இல்லாததால் மறைக்கவும் எதுவும் இல்லை. பெரிய ஓட்டலில் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கவனிக்க வேண்டியது கறியையும் தண்ணீரையும்தான். பீஃப், போட்டி (குடல்), கோழி எல்லாம் வீட்டில் சமைத்துச் சட்டியில் கொண்டு வருவது. அது இன்றையதா நேற்றையதா என்பதுதான் கேள்வி. "இன்னு வெச்சதாணோ?" என்று கேட்டால் இன்றைக்கு வைத்ததா என்று அர்த்தம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பதிலை விட நல்ல சாட்சி ஒன்று உண்டு. சாப்பிட வேண்டாம், ஒருநாள் கடை கட்டும் நேரத்தில் சும்மா போய் நின்று பார்த்தால் போதும்.

நான் அப்படி நின்ற கடை ஒன்றைச் சொல்கிறேன். ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் கணவன், மனைவி, பள்ளிக்கூடம் படிக்கும் மகன் என்று மூன்று பேர். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று பேய் மாதிரி அடிக்கும், அடுப்பு நிற்காது. அதனால் கல்லைச் சுற்றி மூன்று பக்கமும் எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரம் நிறுத்தியிருப்பார். பொறோட்டாவை இரண்டு கையாலும் தட்டி உதிர்க்கும்போது அந்தத் தகரம் அதிரும். மகன் ஒரு கையில் கணக்கு நோட்டும் மறு கையில் போனுமாக, யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வான். பதினொன்றேகாலுக்குச் சட்டியில் ஒரு கரண்டி கறி மீந்தால் அந்த அம்மா அதைத் தங்கள் தூக்குப் போசியில் ஊற்றிக்கொள்வார், நாலு பொறோட்டாவையும் எடுத்துக்கொள்வார். அதுதான் அவர்கள் மூன்று பேருக்கும் ராத்திரிச் சாப்பாடு. அப்புறம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வண்டியில் ஏற்றுவார்கள். அடுத்த நாள் பானை வெறுமையிலிருந்துதான் தொடங்கும். அங்கே நான் இரண்டு வருஷம் சாப்பிட்டேன், ஒரு நாள் கூட வயிறு கெட்டதில்லை.

அதற்கு நேர்மாறாக, மீந்த கறியைப் புதுக் கறிச் சட்டியிலேயே ஊற்றி மூடிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே மறுபடி போகவில்லை.

உடம்புக்குத் தட்டுக்கடையின் உண்மையான கெடுதல் வேறு. மைதாவும் எண்ணெயும் ராத்திரி பத்து மணிக்கு. தினமும் மூன்று பொறோட்டாவும் கறியும் என்று இருந்தால் இரண்டு வருஷத்தில் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தெரியும், எனக்குத் தெரிந்தது. தோசை, முட்டை, பயறு என்று மாற்றிக்கொண்டால் வாரம் முழுக்கவும் சாப்பிடலாம். சராசரியாக 70 ரூபாய் ஆகும். குழிமந்தி (அரபு முறைக் கோழிச் சோறு), ஷவர்மா கடைகளைத் தட்டுக்கடையோடு சேர்த்து எண்ண வேண்டாம், அது தனிக் கணக்கு. பச்சை முட்டையில் அடித்த மயோனைசுக்கு 2023லேயே கேரளம் தடை போட்டது. காய்கறி மயோனைசா என்று கேட்காமல் தொட வேண்டாம்.

தண்ணீர்

எந்தக் கடையானாலும் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேரளத்தில் உட்கார்ந்ததும் சூடு வெள்ளம், அதாவது சுடுதண்ணீர் வரும், சுக்கோ சீரகமோ போட்டு, இல்லாவிட்டால் பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டு இளஞ்சிவப்பாக. பார்க்க நம்பிக்கையாக இருக்கும். ஒரு ஹைவே கடையில் அந்தச் சிவப்புத் தண்ணீர் ஜக்கில் கைப்பொறுக்கும் சூட்டுக்காக டிரம்மிலிருந்து பச்சைத் தண்ணீரைக் கலப்பதை நானே பார்த்தேன், பார்த்தும் குடித்தேன். அந்த ஆடியில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது, 22 நாள் வேலைக்குப் போகவில்லை. கிருமி உள்ளே போய் இரண்டிலிருந்து ஏழு வாரம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும் என்பதால் அந்தக் கடைதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கொதித்த தண்ணீரில் கொதிக்காததைக் கலக்காதீர்கள் என்று சுகாதாரத் துறை மழைக்காலத்தில் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

டம்ளரைத் தொட்டால் சுடுகிற அளவு சூடாக இருந்தால் குடிக்கலாம். வெதுவெதுப்பாக இருந்தால் உன் பாட்டில்.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை

பாலக்காட்டுக்குக் கடல் கிடையாது. மத்தியும் அயலையும் பொன்னானி, சாவக்காடு பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வரும். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் கேரளத்தில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் சிறு வள்ளக்காரர்கள் பிடிப்பது போக மிச்சமெல்லாம் தூரத்து மாநிலங்களிலிருந்து பல நாள் ஐஸில் பயணம் செய்து வருவது. பையன் சேர்ந்தது சரியாக அந்த நேரம். அதனால் ஆகஸ்ட் வரை கடல் மீன் வேண்டாம், மலம்புழை அணை மீன் என்று சொன்னால் வாங்கு, இல்லாவிட்டால் உணக்க மீன் வறுத்துச் சாப்பிடு என்றேன். நல்ல காரத்தோடு வறுத்த கருவாடும் மோர்க் கூட்டானும் மட்டைச் சோற்றுக்கு எப்படி இருக்கும் என்று அவன் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான்.

கள்ளுக்கடைக் கறிக்கு இந்தப் பக்கம் பேர் போனது. கப்பையும் (மரவள்ளிக் கிழங்கு) மீன் கறியும் நாக்கைச் சுண்டும். ஆனால் அங்கே காரம் கள்ளுக்காக ஏற்றியது, தினசரி வயிற்றுக்காக அல்ல. ஒரு மாதத்தில் ஒரு தடவை நண்பர்களோடு போவது வேறு.

காசுக் கணக்கு

மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் சாயக்கடைக் காலை 1,352 ரூபாய், வீட்டு ஊண் 1,560, தட்டுக்கடை ராத்திரி 1,820. மொத்தம் 4,732. தமிழ் மெஸ் 4,500. வித்தியாசம் 232 ரூபாய்தான். மெஸ்ஸில் விடுமுறை நாள் சாப்பாடும் சேரும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். காசும் கூடக் கொடுத்து மூன்று கடை ஏறி இறங்க வேண்டுமா என்று பையன் கேட்டான். நான் ஏறி இறங்குவேன். மூன்று கடையும் அந்தந்த வேளைக்கு மட்டும் சமைக்கிறவை, மூன்றிலும் பானை காலியாகிறது. அலைய முடியாதவர்கள், ஷிப்ட் வாரா வாரம் மாறுகிறவர்கள், இரண்டாவது உலை வைக்கிற மெஸ்ஸைத் தேடுவதுதான் சரி. வீட்டு ஊண் நேரத்துக்கு அவர்களால் போய்ச் சேர முடியாது.

ஹர்த்தால் (கடையடைப்பு) நாளில் மூன்றும் மூடியிருக்கும். ரூமில் அவலும் வெல்லமும் ஒரு சீப்புப் பழமும் எப்போதும் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நான் அவனுக்கு வேறு இடம் காட்டினேன். எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி. தமிழ்ப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் வந்த முதலியார் குடும்பங்கள் அங்கே வீட்டோடு சேர்த்து இட்லிக் கடை நடத்துகின்றன. இட்லிக் கொப்பரை கிடையாது. மண்பானை வாயில் கயிறு பின்னிய மண்வளையம், அதன் மேல் துணி, துணியில் மாவு. அப்படியே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, விறகடுப்பில் வேக வைக்கிறார்கள். தட்டையாக, தோசைக்கும் இட்லிக்கும் நடுவில் ஒரு மென்மை. பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துத் தருகிறார்கள். முன்பு நிறைய வீடுகளில் இருந்தது, இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். பையன் ஆறு சாப்பிட்டான். அம்மாவுக்கு நாலு வாங்கிக்கொண்டு போகலாமா மாமா என்று கேட்டான், மறுநாள் வரை தாங்கும் என்று கடைக்காரம்மாவே சொல்லிக் கட்டிக் கொடுத்தார்.

இப்போது அவன் காலை சாயக்கடை, மதியம் அந்த அக்கா வீடு, ராத்திரி வாரத்தில் நாலு நாள் தட்டுக்கடை, மிச்ச நாள் குளித்துவிட்டு என் வீடு. அக்காவின் நோட்டில் அவன் பேர் ஏறிவிட்டது. மலையாளத்திலும் அந்த நோட்டுக்குப் பற்று என்றுதான் சொல்கிறார்கள், நம் பற்று வரவுதான். ஓணத்துக்கு நாலு நாள் அடுப்பு மூட்ட மாட்டேன் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டார். சாயக்கடைக்காரரும் அப்படித்தான். அந்த நாலு நாளுக்கு உடுமலைக்குப் போய்விட்டு வா என்று லீவு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.